திருப்பி அனுப்பிய லொறி எங்கே போனது?

சிறுபோக அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அஸர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்த நேரம், எமது ஆலை முற்றத்தில் ஒரு லொறி வந்து நின்றது. வழமையாக எனக்கு நெல் கொண்டுவரும் தரகர் முன்னாலிருந்து இறங்கினார். மொத்தம் 110 மூடை. கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது, பதர் குறைவு, மணியும் நிறைவு. அன்றைய சந்தை விலையை விடக் கிலோவுக்கு நான்கு ரூபா குறைத்துச் சொன்னார். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் விலை காரணமில்லாமல் இறங்காது என்று எனது வாப்பா சொல்லித் தந்த பாடம் ஒன்று எனக்கு உண்டு. மூடைகளின் மேல் உட்கார்ந்து வந்த வயற்காரரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"இதே நெல்லத்தான் ஊட்டுக்கும் வெச்சிருக்கீங்களா, தம்பி?"

அவர் ஒரு தடவை தரகரின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, "இல்ல ஹாஜியார். ஊட்டுச் சாப்பாட்டுக்கு மாமாட மேல்வயல் நெல்லு. இது கீழ்வயல். அந்த வாய்க்கால்ல இப்ப புள்ளைகள குளிக்கவும் உடுறல்ல" என்றார்.

விசாரித்தபோது விடயம் வெளியே வந்தது. அந்த வாய்க்கால் ஓரத்தில் பல வருடங்களாகப் பழைய வாகன பெற்றரிகளை உடைத்து உருக்கும் இடமொன்று இருந்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே இரும்புக்கு நாகம் பூசும் பட்டறை ஒன்று. இரண்டின் கழிவும் மழைக்கு வாய்க்காலில் இறங்கி, அங்கிருந்து வயலுக்குப் பாய்ந்திருக்கிறது.

தரகருக்குப் பொறுக்கவில்லை. "மெஷின்ல போட்டுத் தீட்டினா எல்லாம் ஒரே வெள்ளைதானே ஹாஜியார்! அரிசியில பெற்றரி மணக்குதா?" என்று சிரித்தார். நான் லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றிரவு, பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

அடுத்த கிழமை அதே லொறிச் சாரதி வேறொரு லோட்டோடு வந்தார். அந்த நெல் என்னவாயிற்று என்று கேட்டேன். "அண்டைக்கு மஃரிபுக்கு முன்னமே எறக்கிட்டோமே! இன்னும் ஒரு ரூபா கொறச்சிக் குடுத்தார்" என்றார். யாருடைய ஆலையில் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன பயன்? அது குற்றப்பட்டு, பொலிஷ் பண்ணப்பட்டு, வேறு அரிசிகளோடு கலந்து, அழகான பையில் ஏறி எங்கோ ஒரு கடைக்குப் போயிருக்கும். எனது பிள்ளைகள் சாப்பிடும் ஹோட்டலுக்கும் போயிருக்கலாம்.

லொறியை அனுப்பியதால் எனது கைதான் சுத்தமானது. சந்தை அப்படியே இருந்தது. அந்த உறுத்தலோடு, இரசாயனவியல் கற்பிக்கும் எனது மருமகனிடம் கேட்டும், அவர் தந்தவற்றை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை எமது வியாபாரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஜின்சு ஆற்றங்கரையில் நடந்தது

அரிசியில் நஞ்சு உலோகம் என்ற பேச்சை எடுத்தால் முதலில் சொல்ல வேண்டிய ஊர் ஜப்பானின் தோயாமா. அந்த மாகாணத்தில் ஜின்சு என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் மேற்புறத்தில், பக்கத்து மாகாணமான கிஃபுவின் மலைப்பகுதியில், கமியோகா என்ற சுரங்கம் இருந்தது. மிட்சுயி கம்பனி அங்கே ஈயமும் நாகமும் தோண்டியெடுத்து வந்தது. நாகத் தாது இருக்குமிடத்தில் கட்மியம் என்ற உலோகமும் சிறிதளவு கூடவே இருக்கும். விற்கக்கூடியதை எடுத்துக்கொண்டு மிகுதிக் கழிவை ஆற்றோடு போகவிட்டார்கள். ஆற்று நீர் கீழே பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்ந்தது. நீரோடு வந்த கட்மியம் வயல் மண்ணில் வருடக்கணக்காகப் படிந்தது.

1910களிலிருந்தே அந்த ஊர்ப் பெண்களிடம் விசித்திரமான ஒரு நோய் காணப்பட்டது. பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த தாய்மார். முதலில் இடுப்பும் தொடையும் வலித்தன. பிறகு எலும்பு மென்மையாகி, இருமினாலும் தும்மினாலும் முறியும் நிலை வந்தது. அவர்கள் "இதாய், இதாய்" என்று அழுதார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று பொருள். நோய்க்கு அதுவே பெயராகிவிட்டது. ஊரார் அதைச் சாபம் என்றார்கள். சத்துக்குறைவு என்றார்கள் வேறு சிலர். அங்கேயே வைத்தியம் பார்த்த டொக்டர் நோபொரு ஹகினோ போன்றவர்கள், சுரங்கத்திலிருந்து வரும் கட்மியம்தான் காரணம் என்று 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார்கள். கட்மியம் முதலில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் கெட்டதும் எலும்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன.

1968 மார்ச்சில் பாதிக்கப்பட்டோர் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஜப்பானிய அரசாங்கம் இதனைச் சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. 1971இல் தோயாமா நீதிமன்றமும், 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தன. இன்றுவரை உத்தியோகபூர்வமாக நோயாளர்கள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 200 பேர்.

வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய கணக்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. மாசடைந்ததாகப் பிரகடனம் செய்யப்பட்ட வயல் சுமார் 1500 ஹெக்டெயர். அதில் 863 ஹெக்டெயரை மீண்டும் வயலாக்கும் வேலை 1979இல் ஆரம்பமாகி 2012இல்தான் முடிந்தது. கெட்ட மண்ணைக் கீழே புதைத்து, மேலே நல்ல மண்ணைப் போட்டு நிரப்பினார்கள். செலவு சுமார் 4070 கோடி யென். 33 வருட வேலை! பாதிக்கப்பட்டோருக்கும் கம்பனிக்கும் இடையிலான இறுதி உடன்படிக்கை 2013 டிசம்பரில்தான் கைச்சாத்தானது. ஆற்றில் விட்டபோது கம்பனிக்கு அது செலவில்லாத வழியாகத் தெரிந்திருக்கும். பேரேட்டில் எழுதாமல் விட்ட அந்தச் செலவைப் பிள்ளைகளின் காலத்தில் வட்டியோடு எழுத வேண்டியதாயிற்று.

பயிர் ஏன் இதை உறிஞ்சுகிறது?

"மண்ணில் இருந்தால் மண்ணிலேயே கிடக்கட்டுமே, மணிக்குள் எப்படி வருகிறது?" என்று நான் மருமகனிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் இது.

பயிர் வளர்வதற்கு மங்கனீசு, நாகம் போன்ற சில உலோகங்கள் சிறிதளவு தேவை. அவற்றை எடுப்பதற்கு வேரில் வாசல்கள் இருக்கின்றன. கட்மியம் அதே வாசல்களால் உள்ளே நுழைந்துவிடுகிறது. எல்லா உலோகமும் இப்படி வருவதில்லை. ஈயம் பெரும்பாலும் மண்ணோடும் வேரோடும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மணிவரை ஏறுவது குறைவு. கட்மியமும் ஆசனிக்கும்தான் நெல்லில் முக்கியமாகப் பயப்பட வேண்டியவை.

இந்த இரண்டும் எதிரும் புதிருமானவை. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் போகாது. அந்த நிலையில் கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும், பயிரால் எடுக்க முடியாது. கதிர் முற்றும் பருவத்தில் தண்ணீரை வெட்டிவிட்டு வயலைக் காயவிடும்போது கட்மியம் மீண்டும் கரைந்து வேருக்குள் போகிறது. ஆசனிக் இதற்கு நேர்மாறு. தண்ணீர் நிற்கும்போதுதான் அது மண்ணிலிருந்து விடுபட்டுப் பயிருக்குள் ஏறும். ஆகவே ஒன்றுக்குப் பயந்து நீரைக் கட்டினால் மற்றது கூடும். எந்த வயலில் எது இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது.

மண்ணின் புளிப்புத் தன்மையும் முக்கியம். புளிப்பு மண்ணில் கட்மியம் இலகுவாகக் கரையும். அதனால்தான் இத்தகைய வயல்களுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள்.

தரகர் சொன்ன "தீட்டினால் போய்விடும்" என்ற கதைக்கு வருவோம். ஆசனிக் தவிட்டுப் பகுதியில் அதிகம், ஆகவே தீட்டும்போது ஒரு பங்கு குறையும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கஞ்சி வடித்துச் சமைத்தாலும் குறையும். ஆனால் கட்மியம் மணியின் உள்ளேயே பரவி இருக்கிறது. தீட்டினாலும் கழுவினாலும் பெரிதாகக் குறையாது. நிறமில்லை, மணமில்லை, ருசியிலும் வித்தியாசமில்லை. நாற்பது வருடம் நெல் பார்த்த எனது கை அதைக் கண்டுபிடிக்காது. உங்களுடைய கையும்தான்.

பதினெட்டில் எட்டு

தோயாமா பழைய கதை என்று யாரும் நினைக்கலாம். எனவே அண்மைய காலத்து வியாபாரக் கதை ஒன்றையும் சொல்கிறேன்.

சீனாவில் நெல் விளைச்சலுக்குப் பேர்போன மாகாணம் ஹுனான். அதே மாகாணம் நாகம், ஈயம் போன்ற உலோகச் சுரங்கங்களுக்கும் பேர்போனது. 2013 மே மாதம், தெற்கே உள்ள பெருநகரான குவாங்சூவின் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவ்வருடம் முதல் மூன்று மாதங்களில் சோதித்த அரிசி, அரிசிப் பண்டங்களின் 18 தொகுதிகளில் 8இல் கட்மியம் எல்லையைத் தாண்டியிருந்தது. முதலில் எந்த அரிசி, யாருடைய அரிசி என்று சொல்லாமல் விட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்த பின்னர்தான் பெயர்கள் வெளிவந்தன. பல தொகுதிகள் ஹுனானிலிருந்து வந்தவை.

அதன் பின் நடந்ததை யோசித்துப் பாருங்கள். எல்லையைத் தாண்டியது சில தொகுதிகள்தான். ஆனால் வாங்குபவர் ஹுனான் அரிசி என்ற பெயரைக் கேட்டதுமே கையை எடுத்துக்கொண்டார். அங்குள்ள ஆலைகள் பல வேலையை நிறுத்தின. நெல் விலை விழுந்தது. சுரங்கத்தையே கண்டிராத, நல்ல மண்ணில் பயிர் செய்த விவசாயியும், நாணயமாக வியாபாரம் செய்த ஆலைக்காரரும் சேர்ந்தே அடிபட்டார்கள். எந்த மூடை எந்த வயலிலிருந்து வந்தது என்று காட்ட எவரிடமும் துண்டு இருக்கவில்லை. ஆகவே "எனது அரிசி நல்லது" என்று சொன்னவரை நம்ப ஆளில்லை.

2014 ஏப்ரலில் சீன அரசாங்கம் தனது நாடளாவிய மண் ஆய்வின் முடிவை வெளியிட்டது. பயிர்ச்செய்கை நிலங்களில் சோதித்த இடங்களில் 19.4 சதவீதம் மாசு எல்லையைத் தாண்டியிருந்தது. 2019 ஜனவரி முதல் மண் மாசுக்கென்றே தனிச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது.

தாய்லாந்தின் மே சொட் பகுதியிலும் நாகச் சுரங்கத்துக்குக் கீழேயுள்ள வயல்களில் இதே பிரச்சினை 2000களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதனை வெளிக்கொணர்ந்த ஆய்வில் பங்குகொண்டது எமது பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அரசாங்கம் நெல்லை வாங்கி அழித்தது. எரிபொருள் தயாரிக்கக் கரும்பு நடும்படி விவசாயிகளை ஊக்குவித்தது. ஜப்பானிலும் 1970 முதல், கட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமை எட்டிய அரிசி தடை செய்யப்பட்டது. 0.4 முதல் 1 வரையிலான அரிசியை அரசாங்கமே வாங்கிப் பசை போன்ற கைத்தொழில் தேவைகளுக்குக் கொடுத்தது. 2011இல் எல்லையையே 0.4க்கு இறக்கிவிட்டார்கள்.

இந்த இரு நாடுகளிலும் கெட்ட நெல்லை யாரோ வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். வாங்க ஒருவர் இருந்ததால்தான் அது உணவுச் சந்தைக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. நான் திருப்பி அனுப்பிய லொறியின் பிரச்சினையும் அதுவே.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றால் எமக்குப் பிடிக்கும். போட்டுப் பார்ப்போம்.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசிக்கு விதித்துள்ள கட்மிய எல்லை கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். சீனாவின் எல்லை 0.2. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதை 0.15 ஆகக் குறைத்தது. ஒரே அரிசி ஒரு துறைமுகத்தில் பாஸ், இன்னொரு துறைமுகத்தில் பெயில். வெளிநாட்டில் உள்ள எம்மவர் கடைகளுக்குச் சிவப்பரிசியும் கீரிச்சம்பாவும் அனுப்ப நினைப்பவர்கள் இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உடம்பின் கணக்கு. ஒருவர் மாதமொன்றுக்குத் தாங்கக்கூடிய கட்மியம் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்று 2010இல் சர்வதேச நிபுணர் குழு நிர்ணயித்தது. 60 கிலோ நிறையுள்ளவருக்கு மாதம் 1500, நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். நம்மில் ஒருவர் மூன்று வேளையும் சோறு, இடியப்பம், பிட்டு என்று நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அரிசியில் கட்மியம் 0.4 என்றால் அவர் வயிற்றுக்குள் போவது 120 மைக்ரோகிராம், தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 0.2 என்றால் 60. 0.1 என்றால் 30.

கோடெக்ஸ் எல்லைக்குள் இருக்கும் அரிசியே, சோற்றை நம்பி வாழும் எமக்குக் கூடுதலாக இருக்கலாம் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிறுநீரகத்துக்குள் போன கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருடம் எடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் உடம்பு அதைக் கூடுதலாக உறிஞ்சும். எமது வீடுகளில் அப்படியானவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் குமரிப் பிள்ளைகளும்தான்.

கலப்புக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பத்து மூடையில் ஒன்பதில் 0.1, ஒன்றில் மட்டும் 1.0 என்று வையுங்கள். பத்தையும் ஒன்றாகக் கலந்தால் சராசரி 0.19. சீனாவின் எல்லைக்குள்ளேயே வந்துவிட்டது! கலக்காமல் விற்றால் ஒரு வீட்டுக்கு அந்த ஒரு மூடை முழுதாகப் போகும். கலந்து விற்றால் நல்ல ஒன்பது மூடையும் கெடும், கெட்ட வயலும் யார் கண்ணிலும் படாது. அடுத்த போகத்திலும் அதே நெல் வரும்.

நமது நாட்டு நிலைமை

இங்கே நான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் விவசாயிகளைத் தாக்கிவரும் சிறுநீரக நோயை எல்லோரும் அறிவோம். 2011இல் அரிசியிலும் கிருமிநாசினிகளிலும் ஆசனிக் என்று ஒரு பெரும் சர்ச்சை எழுந்தது. ரஜரட்ட அரிசி என்றாலே வாங்கத் தயங்கியவர்களை அப்போது நான் கண்டிருக்கிறேன். ஆனால் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உள்ள பகுதியிலும் இல்லாத பகுதியிலும் அரிசியின் கட்மியம் எல்லைக்குள்தான் இருந்தது. அந்நோயின் காரணம் பற்றி நீரின் புளோரைட், கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழப்பு என்று விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்கிறது. ஆகவே ஒரு மாகாணத்தின் அரிசியையே ஆதாரமில்லாமல் கெட்டதென்று பேசுவது, அங்கு வியர்வை சிந்தும் விவசாயிக்கு நாம் செய்யும் அநியாயமாகும்.

அதே நேரம், எமது மண்ணுக்குள் உலோகம் வரும் வழிகள் திறந்தே கிடக்கின்றன. ஒன்று, பொஸ்பேட் பசளை. படிவுப் பாறைகளிலிருந்து எடுக்கும் பொஸ்பேட்டில் இயற்கையாகவே கட்மியம் இருக்கிறது. பாறைக்குப் பாறை அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் இதற்கு ஓர் உச்ச எல்லையை நடைமுறைப்படுத்துகிறது. நாம் நெல்லுக்குப் போடும் டீ.எஸ்.பி. இறக்குமதியாகிறது. இன்னொன்று, நகரக் கழிவில் செய்த கூட்டெருவைத் தரம் பார்க்காமல் வயலில் கொட்டுவது. மூன்றாவது, அந்த லொறி வந்த வழி. பழைய பெற்றரி, பழைய இலத்திரனியல் சாமான், நாகம் பூசும் வேலை. இந்தத் தொழில்களில் எமது சமூகத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாய்க்காலைக் கெடுத்தவரும், கெட்ட நெல்லை வாங்கியவரும், அதை விற்றவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்களாக இருக்கலாம்.

எனது தவறையும் மறைக்க விரும்பவில்லை. 2024 டிசம்பரில் தனியார் அரிசி இறக்குமதிக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தபோது, நானும் இருவரோடு பங்கு சேர்ந்து ஒரு கொள்கலன் எடுப்பித்தேன். ஈரப்பதம் எத்தனை, குறுநொய் எத்தனை சதவீதம், வண்டு இருக்கிறதா, விலை என்ன என்று எல்லாம் கேட்டேன். உலோகப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று அனுப்புபவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருக்கக்கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய ஆய்வுகூடம் கட்டச் சொல்லவில்லை. சிறு வியாபாரியின் கைக்கு எட்டக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நெல் வாங்கும்போது ஈரப்பதத்தோடு தண்ணீரையும் கேளுங்கள். எந்த வாய்க்கால், எந்தக் குளம், மேலே என்ன தொழில் நடக்கிறது? ஒரு கொப்பியில் திகதி, வயற்காரர் பெயர், வாய்க்கால், மூடை எண்ணிக்கை என நான்கு நிரல் போட்டு எழுதினால் போதும். ஹுனான் ஆலைக்காரரிடம் இல்லாமற்போன துண்டு இதுதான்.

இரண்டாவது, வாய்க்கால் வாரியாக மூடைகளைப் பிரித்து அடுக்குங்கள். சந்தேகமான தொகுதி தெளிவாகும்வரை மற்றதோடு சேரக் கூடாது.

மூன்றாவது, மாதிரி எடுக்கும் முறை. தொகுதியின் ஒவ்வொரு மூடையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரு கிலோ அளவில் மூன்று பொதிகளாக்குங்கள். ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று உங்களிடம், ஒன்று முத்திரையிட்டு விற்றவரிடம். பிறகு சண்டை வராது. ஆனால் வெவ்வேறு வாய்க்கால் நெல்லை ஒரே மாதிரியில் கலக்காதீர்கள். மேலே சொன்ன 0.19 கணக்கு ஞாபகமிருக்கட்டும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

நான்காவது, கட்டணத்தைப் பகிருங்கள். ஒரு சிறிய ஆலை தனியாகச் செய்யும்போது பரிசோதனைக் கட்டணம் பாரமாகத் தெரியும். ஒரு பிரதேசத்தின் ஆலைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, போகத்துக்கு ஒரு தடவை முக்கிய வாய்க்கால்களின் நெல்லை மட்டும் சோதித்தால் ஒருவரின் பங்கு ஒரு மூடை அரிசி விலைக்குள் அடங்கிவிடக்கூடும்.

ஐந்தாவது, பசளை வியாபாரம் செய்வோர் தமது இறக்குமதியாளரிடம் கட்மிய அளவு எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். பழைய பெற்றரி வாங்குவோர் அதை உடைக்காமல், அமிலத்தை வெளியே ஊற்றாமல், அனுமதிப்பத்திரம் உள்ள இடத்துக்கு முழுதாகவே கொடுங்கள்.

ஆறாவது, மிக முக்கியமானது. நெல் கெட்டிருப்பதாகத் தெரிந்தால் விவசாயியைக் கைவிடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கூட்டிச் செல்லுங்கள். சுண்ணாம்பு, நீர் முகாமைத்துவம், மாற்றுப் பயிர் என்று வழிகள் உண்டு. ஜப்பானியர் மண்ணிலிருந்து கட்மியத்தை மிகக் குறைவாக உறிஞ்சும் நெல்லினத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். வழியில்லை என்று விவசாயி நினைத்தால்தான் விலையைக் குறைத்து மறைத்து விற்பார்.

மீண்டும் அந்த லொறி

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் ஒரு நாள் அந்த வயற்காரரைத் தேடிப் போனேன். கீழ்வயலில் அப்போதும் பயிர் நின்றது. பச்சைப் பசேலென்று, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

"நீங்க திருப்பி அனுப்பினது எனக்கு வெக்கமாப் போச்சு ஹாஜியார். ஆனா கடன் இருக்கே. வேற என்ன செய்ய?" என்று கேட்டார்.

அவரிடம் கோபிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் குறைந்தபட்சம் கேட்டதும் உண்மையைச் சொன்னார். நான் உண்மையைக் கேட்டறிந்த பிறகு, அந்த நெல்லை இன்னொருவருடைய தலையில் போக விட்டேன். அவரும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் அந்த வயலை நம்பியே வாழ்கிறார்கள். தோயாமாவிலும் முதலில் விழுந்தவர்கள் சொந்த வயல் அரிசியை வருடம் முழுவதும் தின்ற குடும்பங்களே.

இந்த முறை அறுவடையானதும் முதலில் என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நெல்லைத் தனியாக இறக்கி, மாதிரி எடுத்து அனுப்பும் செலவு என்னுடையது. முடிவு நல்லதாக வந்தால் சந்தை விலையே கொடுப்பேன், நான்கு ரூபா குறைக்க மாட்டேன். கெட்டதாக வந்தால், எங்கள் பகுதி ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து அந்த 110 மூடையின் நட்டத்தைப் பகிர்வது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும். அந்த வாய்க்காலுக்கு மேலே இருக்கும் பட்டறைக்காரரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் போவதாக இருக்கிறோம்.

வாடிக்கையாளர் எமது மூடையைப் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை. எமது முகத்தைப் பார்த்து வாங்குகிறார். அந்த நம்பிக்கை எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உங்கள் ஆலைக்கும் ஒரு நாள் விலை குறைந்த லொறி ஒன்று வரும். அப்போது வயற்காரருக்கு ஒரு தேநீர் கொடுத்து, வீட்டுக்கு எந்த நெல்லை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.